ஓடுகிற மெஷினைத் திறந்தவர்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து டில்லிக்கு வந்து, கரோல் பாகில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவினேன். அதே மெஸ்ஸின் பின்பக்கத்தில் ஒரு அடுப்புக்கு இடம் கேட்டு முறுக்கு சுட்டேன். தகரப் பெட்டியில் அடுக்கி, சைக்கிளில் கட்டி, அரசாங்கக் குவார்ட்டர்ஸ் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி விற்றேன். மதராஸி முறுக்கை இங்கே யார் தின்பார்கள் என்று சிரித்த பஞ்சாபிக்காரரின் கடையிலேயே என் முறுக்கைக் கண்ணாடி ஜாடியில் ஏற்றினேன். இங்கிலீஷ் தெரியாதவனுக்கு எதற்கு ஃபேக்டரி லைசென்ஸ் என்று கேட்ட ஆபீசரின் கையாலேயே லைசென்ஸ் வாங்கினேன். நாராயணா தொழிற்பேட்டையில் தகரக் கொட்டகை போட்டேன், கொட்டகை கட்டடமானது. எண்ணெய் தானாகச் சுற்றி வடிகட்டி வரும் பொரிப்பு மெஷினை இங்குள்ள தென்னாட்டுப் பலகாரக்காரர்களில் முதலில் வாங்கியவன் நான். பாக்கெட்டில் நைட்ரஜன் அடைக்க ஆரம்பித்ததும் நான். இன்று பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குச் சாமான் கொண்டுவரும் கம்பெனிகளின் கிடங்கிலெல்லாம் என் சரக்கு கிடக்கிறது. எண்ணெயில் போடாமல் ஓவனில் சுட்ட ரிப்பன் பக்கோடாவை டில்லிச் சந்தையில் இறக்கியதும் நான்தான். அதைப் பன்னிரண்டு வருடமாக எல்லா மேடையிலும் சொல்லி மாலை வாங்கியிருக்கிறேன்.

கடைசியாகச் சொன்னதில் ஒரு ஆளை விட்டுவிட்டேன். அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். உட்கார்ந்து எழுதிப் பழக்கமில்லாதவன். இவ்வளவு எழுதுவதற்குள் இரண்டு தரம் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து மூடிவிட்டு வந்தேன்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஏன் என்று பின்னால் தெரியும். விமானப் படையில் மெக்கானிக்காக இருந்து சார்ஜென்ட்டாக ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கத்துக்காரர், ஜனக்புரியில் வீடு, மாயாபுரியில் ஒரு சின்னப் பட்டறை. எல்லோருக்கும் சார்ஜென்ட். எனக்கும் சார்ஜென்ட்.

நான் முதலில் பார்த்தது அவருடைய கால்களை. மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில், மூடிப்போன பிஸ்கட் கம்பெனி ஒன்றின் ஓவன் விலைக்கு வந்திருந்தது. ரயில் பெட்டி நீளம் இருக்கும். ஒரு முனையில் மாவு உள்ளே போனால், கம்பிப் பட்டையில் ஊர்ந்துகொண்டே வெந்து மறுமுனையில் பலகாரமாக வரும். நான் விலை கேட்டேன். கடைக்காரர் சொன்ன விலைக்கு, அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில், தமிழில் ஒரு வசவு விட்டேன். ஓவனுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"திட்டாத அண்ணாச்சி. வெலைக்குத் தகுந்த சரக்குதான். கம்பிப் பட்டை மட்டும் ஒரு பக்கமா இழுக்குது."

குனிந்து பார்த்தேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒரு மனிதர் மல்லாந்து கிடந்தார்.

"நீரு யாருவே? உள்ள என்ன செய்தீரு?"

"சும்மா பாத்துக்கினு இருக்கேன்."

"ஒமக்கு வாங்கணுமா?"

"எனக்கு எதுக்கு? தெறந்து கெடந்திச்சு, பூந்துட்டேன்."

இதுதான் அவர். திறந்து கிடந்தால் உள்ளே போவார். மூடிக் கிடந்தால் திறப்பார். ஓவனை நான் வாங்கினேன். அவரும் அதோடு வந்துசேர்ந்தார்.

சம்பளத்துக்கு அவர் என்னிடம் இருந்ததில்லை. வாரத்தில் இரண்டு நாள் வருவார், சில வாரம் நாலு நாள். நின்றுபோன மெஷினை ஓட வைப்பது எந்த மெக்கானிக்கும் செய்கிற வேலை. அவருக்கு நன்றாக ஓடுகிற மெஷினைக் கண்டால்தான் கை பரபரக்கும். மும்முரமாக வேலை நடந்துகொண்டிருக்கும்போது மூலையில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்பார். கொஞ்சம் கொஞ்சமாக மெஷினை நெருங்குவார். எங்கள் பீகார்ப் பையன்கள் அதைப் பார்த்ததும் ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொள்வார்கள். "பந்த் கரேகா, பந்த் கரேகா" என்று முணுமுணுப்பார்கள். அதேபோல நிறுத்திவிடுவார்.

"ஓடுததை ஏன்வே தொடுதீரு?" என்று கத்துவேன்.

"ஓடறத தொடாதேன்னு சொல்றவன் வாட்ச்மேன், அண்ணாச்சி. நான் மெக்கானிக்."

என் மகன் கல்யாணத்துக்கு வந்தவரைப் பந்தியில் காணவில்லை. தேடினால் சமையல்கட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிரைண்டர் பெல்ட்டை மாற்றிக்கொண்டிருந்தார். சமையல்காரர் கையில் சட்னித் தேங்காயோடு அழாத குறையாக நின்றார். மெட்ரோ ஸ்டேஷனில் நகரும் படிக்கட்டில் ஒரு படி மட்டும் கடக்கென்று சத்தம் போடுகிறது என்று, அந்தப் படி திரும்பி வரும்வரை நிற்பார்; என்னையும் நிறுத்துவார். அவர் மனைவி என் வீட்டுக்காரியிடம் சொன்னாளாம்: "எங்க வூட்ல இவரு கழட்டாதது கேஸ் சிலிண்டர் ஒண்ணுதான் அக்கா. அதையும் ஒரு மாதிரியாத்தான் பாத்துக்கினு இருக்காரு."

மாயாபுரியில் மெஷின் செய்கிறவர்கள் எல்லோரும் வேலை முடிந்ததும் பித்தளைத் தகட்டில் பட்டறையின் பெயரைப் பொறித்து முகப்பில் ரிவெட் அடிப்பார்கள். அவர் எனக்குச் செய்து கொடுத்த மாவு அழுத்தும் உருளைகளிலும், துண்டு போடும் கத்தியிலும், மசாலா தூவும் டிரம்மிலும் தேடிப் பார்த்தேன். எதிலும் பெயர் இல்லை.

"ஒரு பலகை அடிச்சா என்னவே? நாலு பேர் பார்த்து ஒம்மத் தேடி வருவாம்லா?"

"முடிஞ்ச மெஷினுக்குத்தான் பலகை. இது இன்னும் முடியலியே."

"எப்பதான்வே முடியும்?"

தலையைச் சாய்த்து மெஷினைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பிரகதி மைதானத்தில் மெஷின் கண்காட்சி வந்தால் இரண்டு பேரும் போவோம். கோட்டுப் போட்ட பையன்கள் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவார்கள். நான் திரையைப் பார்ப்பேன். அவர் கீழே உட்கார்ந்து மெஷினின் வயிற்றைப் பார்ப்பார். திரும்பும்போது கடை கடையாக நின்று பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டு வருவார். அப்போது சந்தையில் சிப்ஸும் புஜியாவும்தான் ராஜா. எண்ணெய் சொட்டச் சொட்ட விற்றுக்கொண்டிருந்தோம். அவர் சொன்னார்:

"பாரு அண்ணாச்சி, மொதல்ல ருசி பாத்தாங்க. அப்புறம் வெலை பாத்தாங்க. இப்ப திருப்பிப் போட்டு எண்ணெ எவ்ளோன்னு பாக்குறாங்க. பாக்கெட்டத் திருப்ப ஆரம்பிச்சிட்டான்னா ஒன் வாணலிக்குக் கஷ்டம்தான்."

"அதுக்கு?"

"ஒங்கிட்ட ரயில் மாதிரி ஒரு ஓவன் கெடக்குது. அதுல வெறும் பிஸ்கட்டுதான் ஓடணுமா?"

இதை நான் ஒளிக்கவில்லை. யோசனை அவருடையது. ஆனால் யோசனை சொல்ல ஒரு நிமிடம் போதும். பொரித்த சரக்கு நன்றாக விற்கும்போது ஒரு கொட்டகையைக் காலி செய்து, ஆறு மாதம் மாவை ஓவனில் போட்டுக் கருக்கிக் கருக்கிக் குப்பையில் கொட்டியவன் நான். முறுக்கு கல்லானது. தட்டை ஓடானது. ரிப்பன்தான் பக்கத்தில் வந்தது. மாவை மெல்லிய தகடாக உருட்டி, கோடு போட்டு, நீளத் துண்டாக நறுக்கி ஓவனில் அனுப்பினோம். வாசனை வந்தது. மொறுமொறுப்பும் வந்தது. ஆனால் உள்ளே ஈரம் ஆவியாகிக் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். கொப்புளத்தின் தலை கருகும். பாக்கெட் போடும்போது உடைந்து பாதி தூளாகும். தூள் போக மீதியை விற்கலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பெரிய சூப்பர் மார்க்கெட் கம்பெனி ஒன்றுக்கு மாதிரி அனுப்பினேன். அவர்களுடைய கொள்முதல் அதிகாரி, ஒரு அம்மாள், காலை பதினோரு மணிக்கு ஃபேக்டரியைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அந்த ஆர்டர் கிடைத்தால் கொட்டகை தப்பும். கிடைக்காவிட்டால் ஆறு மாதமும் போச்சு, ஓவன் மறுபடி மாயாபுரிக்குத்தான்.

அன்று பத்து மணிக்குக் கேட்டுக்குள் நுழைந்தேன். ஓவன் கொட்டகையிலிருந்து உருளையின் சத்தம் வரவில்லை.

ஓடிப் போனேன். அழுத்தும் உருளை கழற்றித் தரையில் கிடந்தது. அந்த இடத்தில் வெள்ளையாக நைலான் உருளை ஒன்று மாட்டியிருந்தது. அதன் மேலெல்லாம் முள்ளம்பன்றி மாதிரி ஊசிகள். உற்றுப் பார்த்தேன். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டிச் செருகியிருந்தார் சார்ஜென்ட். எவர்சில்வர் கம்பிதான்; கொதிநீரில் போட்டுத்தான் எடுத்திருந்தார். இருந்தாலும் பார்க்கிறவனுக்கு அது சைக்கிள்தானே?

"என்ன காரியம்வே செய்திருக்கீரு? நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சே!"

"ஓடிச்சு. கொப்பளம் கட்டிக்கினு ஓடிச்சு. பிஸ்கட்ல ஓட்டை எதுக்கு இருக்குதுன்னு நெனச்ச அண்ணாச்சி, அழகுக்கா? ஆவி வெளிய போறதுக்கு. ஊசி குத்தி அனுப்பு, கொப்பளம் வராது. ஒரு தட்டு உள்ள போயிருக்குது, வந்துகினே இருக்கும் பாரு."

"இன்னிக்கா இத செய்யணும்? ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?"

"ராவெல்லாம் மனசு கேக்கல அண்ணாச்சி."

பழைய உருளையை மாட்டச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் வந்துவிட்டார், சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி முன்னால். சோதனைக்கு வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேராக மெஷினிடம் போனார். ஊசியைத் தொட்டுப் பார்த்தார். சைக்கிள் ஸ்போக்கா இது என்று இந்தியில் கேட்டார். பிறகு எண்ணெய்க் கையோடு நின்ற சார்ஜென்ட்டைக் காட்டி, "யே கௌன் ஹை?" என்றார்.

யார் இவர் என்ற கேள்விக்கு என்னிடம் நூறு பதில் இருந்தது. நான் சொன்னது: "பாஹர் கா ஆத்மி ஹை மேடம். மைம் நஹீ ஜான்தா." வெளியாள், எனக்குத் தெரியாது.

அதோடு நிற்கவில்லை. அந்த அம்மாளுக்குப் புரியட்டும் என்று அவரிடமும் இந்தியிலேயே, வெளியே போ என்று சொன்னேன். அதற்கு முன் ஒரு நாளும் நாங்கள் இரண்டு பேரும் இந்தியில் பேசிக்கொண்டதில்லை.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கழற்றிய நட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு மூடி, பையை எடுத்துக்கொண்டார். போகிறபோது தமிழில், "மாவுல ஈரம் ஜாஸ்தி இருக்குது, கொஞ்சம் கொறைச்சுக்க" என்றார். அவ்வளவுதான்.

அவர் கேட்டைத் தாண்டியிருக்க மாட்டார். ஓவனின் மறுமுனையில் அந்த ஒரு தட்டு வந்தது. ரிப்பன்கள் ஒரே நிறமாக, கொப்புளமே இல்லாமல், வரிசையாகச் சின்ன ஓட்டைகளோடு கிடந்தன. அந்த அம்மாள் ஒன்றை எடுத்து ஒடித்தார். தின்றார். இன்னொன்று எடுத்தார். மாதிரியாக அனுப்பியது வேண்டாம், இதுதான் வேண்டும், ஊசி உருளையை மட்டும் முழுக்க எவர்சில்வரில் முறையாகச் செய்துகொள்ளுங்கள் என்றார். யார் கண்டுபிடித்தது என்றும் கேட்டார்.

"ஹமாரா அப்னா" என்றேன். எங்கள் சொந்தம்.

அந்தச் சொல்லின் மேல்தான் இந்தப் பன்னிரண்டு வருடமும் நின்றுகொண்டிருக்கிறேன்.

ஊசி உருளையை வேறொரு பட்டறையில் எவர்சில்வரில் செய்து மாட்டினேன். சரக்கு பறந்தது. இன்றைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று ஜனக்புரிக்கு நான் போகவே இல்லை. அவரும் வரவில்லை.

ஒரு வருடம் கழித்து, பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் புகார் நம்பருக்கு ஒரு போன் வந்தது. ஆபீஸ் பெண் எழுதி வைத்திருந்தாள். வாடிக்கையாளர் பெயர் சர்மா. ஒரே பாக்கெட்டில் சில துண்டு தடிமன், சில துண்டு மெலிசு. உருளை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, இடது பேரிங்கைக் கழற்றிப் பார்க்கவும்.

"சார், பேரு சர்மான்னு சொன்னார். ஆனா அவரோட இந்தி சுத்த மதராஸி இந்தி சார்" என்று சிரித்தாள்.

விலாசத்தைப் பார்த்தேன். ஜனக்புரி. வீட்டு நம்பரைப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார முடியவில்லை. நேரே போய் மெஷினை நிறுத்தச் சொல்லி இடது பேரிங்கைக் கழற்றினேன். தேய்ந்திருந்தது.

புகார் சொன்னவருக்கு இலவசமாக இரண்டு பாக்கெட் அனுப்புவது எங்கள் வழக்கம். அனுப்பினோம். நாலு மாதத்தில் குப்தா பேசினார்: ஓரம் கருகுகிறது, கடைசி பர்னரைப் பாருங்கள். அப்புறம் வர்மா: ஓட்டைகள் தூர்ந்திருக்கின்றன, ஊசி மழுங்கிவிட்டது. எல்லாம் அதே வீடு. ஒரு புகாரும் பொய்யில்லை. சொன்ன அன்றே திருத்தினேன். இரண்டு பாக்கெட்டை ஆறாக்கினேன். ஆறு வருடம் இப்படியே நடந்தது. அவர் பெயர் மாற்றிப் பேசுவார். நான் தெரியாதவன் மாதிரி பாக்கெட் அனுப்புவேன். ஒரு தீபாவளிக்குப் புகார் இல்லாமலே அனுப்பினேன். மறுநாளே போன் வந்தது: மிளகாய் ஜாஸ்தி.

பிறகு போன் நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதம். ஜனக்புரி புகார் ஏதாவது உண்டா என்று ஆபீஸ் பெண்ணைத் தினம் கேட்டேன். சரக்கு நன்றாகத்தான் இருக்கிறது, யாருமே குறை சொல்லவில்லை என்றாள். மாயாபுரியில் விசாரித்தபோதுதான் அவர் போய்ச் சேர்ந்த செய்தி தெரிந்தது. காரியமெல்லாம் முடிந்திருந்தது.

இப்போது என் மகன் புது மெஷின் இறக்கியிருக்கிறான். கேமரா ஒவ்வொரு துண்டையும் பார்த்துத் தடிமன் கூடினால் ஊதித் தள்ளிவிடும். "இனி நீங்க வந்து பாக்கவே வேண்டாம்ப்பா" என்கிறான். நான் போகிறேன். அது சத்தமே போடுவதில்லை, எதைக் கேட்பது?

பழைய மெஷினைப் பலகாரத் தொழில் சங்கத்தார் கேட்டார்கள். இந்த வருடக் கண்காட்சியின் வாசலில், டில்லியின் முதல் ஓவன் ரிப்பன் மெஷின் என்று பித்தளைப் பலகை அடித்து வைக்கப்போகிறார்களாம். பலகையில் என் பெயர் மட்டும். நானும் சரி என்றேன். அதற்குள் அவருடைய மகள் சங்கத்துக்குக் கடிதம் எழுதிவிட்டாள்: ஊசி உருளையின் படம் அப்பாவின் நோட்டில் இருக்கிறது என்று. நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று சங்கத்தார் என்னை அனுப்பினார்கள். பேசி முடிக்கத்தான் போனேன். எனக்குப் பேசத் தெரியும்.

அந்தப் பெண் பாங்கில் வேலை பார்க்கிறாள். டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். டீ கொடுத்துவிட்டு நோட்டை முன்னால் வைத்தாள்.

"படம் புரியுது அங்கிள். நம்பர் புரியுது. ஆனா எழுத்தெல்லாம் தமிழ். எனக்குப் பேசத்தான் வரும், படிக்க வராது. நீங்க படிச்சுச் சொல்றீங்களா?"

படித்தவள் அவள். ஐந்தாவது நான். நோட்டு என் கையில். நான் என்ன படிக்கிறேனோ அதுதான் அவளுக்கு அவள் அப்பா எழுதியது.

ஊசி உருளைப் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை எடுத்தேன். எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வந்து, உள்ளபடியே படித்தேன். 'இன்று அண்ணாச்சி வெளியே போகச் சொன்னார். யாரென்று தெரியாது என்றார். ஊசி சரியாக வேலை செய்கிறது. இன்னும் நெருக்கமாக வைக்க வேண்டும்.'

நான் பக்கத்தைத் திருப்பினேன். ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்து, துண்டுகளை அளந்து, தடிமன் எழுதியிருந்தார். நடுவில் ஒரு வரி: 'ஆறு பாக்கெட் வந்தது. ஆளுக்கு விஷயம் தெரிந்துபோச்சு. ஊசி மாற்றிவிட்டான், நல்லது.'

"என்ன விஷயம் அங்கிள்?"

சர்மா, குப்தா, வர்மா எல்லாம் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"அச்சா, உங்களுக்கு ஆறு வருஷம் தெரிஞ்சே இருந்தது. இங்கேயிருந்து மெட்ரோல எவ்ளோ நேரம் அங்கிள், உங்க ஃபேக்டரிக்கு?"

அரை மணி நேரம்தான். நோட்டை மூடி அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அப்போ போர்டுல அப்பா பேர் மட்டும் போதும். உங்க பேர் வேண்டாம்."

சங்கத்தாருக்கும் அது பிடித்துவிட்டது. விமானப் படைக்காரர் கண்டுபிடித்தார் என்றால் பத்திரிகைக்காரர்கள் வருவார்களாம். பலகைக்குச் சொல்லியாகிவிட்டது. அவர் பெயரைப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம் என்ற மனிதருக்கு என் கையால் பெயர் எழுதக் கூசுகிறது, அதனால்தான் இங்கே எழுதவில்லை.

சங்கத்தாருக்கு நான் சொல்வது இது. பலகையில் என் பெயரை எடுத்துவிட்டீர்கள், சரி. என் பங்கை எடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. அவர் திறந்தது என் மெஷினை. ஆறு மாதம் அதில் மாவைக் கருக்கியவன் நான். கருக்காமல் இருந்தால் எந்தக் கொப்புளத்தை அவர் குத்தியிருப்பார்? அவர் பெயருக்குக் கீழே இடம் விட்டு எழுதுங்கள்: இவரைத் தெரியாது என்று சொல்லி வெளியே அனுப்பியவர் இந்த மெஷினின் முதலாளி; இவர் போனில் சொன்ன ஒவ்வொரு குறையையும் அன்றைக்கே திருத்தியவரும் அவரே. இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றை எழுதி ஒன்றை விட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்போக்ஸ் செருகிய அந்த நைலான் உருளை இன்னும் என் மேஜைக்கு அடியில், துணி சுற்றி, பத்திரமாக இருக்கிறது. அதைத் தருகிறேன், மெஷினில் மாட்டுங்கள். பலகைக்கு ரிவெட் வேண்டாம், கழற்றுகிற மாதிரி ஸ்குரூ போடுங்கள். ஆனால் என் பங்கை எழுதாமல் ஒரு ஸ்குரூகூட ஏறக் கூடாது.